ஊர்ச் சங்கம் ஆளக் கற்கட்டும்

(வலிகாமத்துக் கிராமமொன்றில் சனசமூக நிலைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தின்போது நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. கடவுள் வணக்கம், சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, பின்னர் நிருவாகத் தெரிவு. தெரிவு வரும்போதுதான் கூட்டம் சூடு பிடிக்கும். தலைவர் யார், தனாதிகாரி யார் என்பதற்கு ஒரு மணி நேரம். வாய்க்கால் ஏன் தூர்ந்தது என்பதற்கு ஐந்து நிமிடம். இந்த முறையை மாற்றுங்கள் என்று கேட்பதற்கே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

எம்மை நாமே ஆள வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அக்கோரிக்கை நியாயமானது. ஆயினும், ஆட்சி என்பது கொழும்பிலிருந்து ஒருநாள் பொதி கட்டி அனுப்பப்படும் பண்டமன்று. அது பழகிப் பழகி வருவது. ஓர் ஒழுங்கையையும் ஒரு குளத்தையும் பொதுவில் வைத்துப் பேணத் தெரியாத மக்களுக்கு ஒரு மாகாணத்தைப் பேணும் வல்லமை ஓரிரவில் வந்துவிடுமா? சிந்தியுங்கள்.

வேலி மதிலான கதை

நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நம் வைப்புப் பணம். அந்நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் அந்த ஊற்றையே நம்பி நிற்கின்றன. மழைநீர் நின்று நிலத்துள் இறங்க வேண்டும் என்பதற்காக முன்னோர் குளம் வெட்டினர். குளத்துக்கு நீர் வந்து சேர வாய்க்கால் விட்டனர். மிஞ்சிய வெள்ளம் வழுக்கையாற்றின் வழியே அராலிப் பக்கம் சென்று கடனீரேரியிற் சேர இடம் விட்டனர். இது எந்தப் பொறியியலாளரும் வந்து கற்பித்த வித்தையன்று. ஊர் தானே கண்டு, தானே காத்த ஒழுங்கு.

இன்று நடப்பது யாது? வேலி ஆண்டுக்கொரு சாண் நகர, வாய்க்கால் ஆண்டுக்கொரு சாண் ஒடுங்குகின்றது. ஓலை வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்துவிட்டது. வேலி வெள்ளத்துக்கு வழிவிடும், மதில் விடாது. வீதிக்குக் கொங்கிறீற்று இட்டு உயர்த்தினோம். வீட்டு வளவு பள்ளமாயிற்று. குளமோ குப்பை கொட்டும் இடமாயிற்று. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவிப் புயலும் வந்தபோது வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. குளத்தில் நிற்க வேண்டிய நீர் குசினியில் நின்றது. மழை நின்ற சில மாதங்களில், அதே வீட்டுக் கிணற்றில் அடிமண் தெரிகின்றது. வெள்ளமும் வறட்சியும் இருவேறு துன்பங்கள் அல்ல. வாய்க்காலை மறந்த ஒரே குற்றத்துக்குக் கிடைத்த இருவேறு தண்டனைகள்.

நீரின் அளவு மட்டுமன்று, அதன் தன்மையும் கெட்டு வருகின்றது. அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும் மலசலக் குழிகளின் ஊறலும் சுண்ணக்கல்லினூடே விரைந்து இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அந்த எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்மாரே, ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள்: நைத்திரேற்று கொதிக்க வைத்தாற் போகாது. அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் முதலிற் பாதிக்கப்படுவது ஆறு மாதமும் நிறையாத குழந்தையே.

கிணறு என்னுடையது என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். கிணற்று நீர் என்னுடையது என்று எவரும் சொல்ல முடியாது. சுன்னாகம் இதனை நமக்குக் கற்பித்தது. மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் எனத் தீர்த்தது. நல்ல தீர்ப்பே. ஆனால், அதற்கு முன்னரே எத்தனை குடும்பங்கள் பவுசர் வண்டியைப் பார்த்துக் குடத்துடன் காத்திருக்க வேண்டியதாயிற்று! தீர்ப்பு வரலாம், கெட்ட நீர் உடனே திரும்பாது.

சபை இல்லாத காலம்

“இவையெல்லாம் பிரதேச சபையின் வேலை, நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். சபையின் வேலைதான். ஆனால் சபையின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். கிராமச் சபைகள் 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுள் அமிழ்ந்து மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினாற் பிரதேச சபைகள் பிறந்தன. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச் மாதம் நடக்கவேண்டிய தேர்தலோ 2025 மே 6 ஆம் திகதியே நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம் வட்டாரத்துக்கென்று கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் ஒருவருமில்லை. மழை மட்டும் தேர்தலுக்காகக் காத்திருக்கவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று. சபைகள் வரும், போகும், ஒத்திவைக்கப்படும். ஊர் என்றும் இருப்பது. ஆதலால், ஊருக்கென ஒரு நிலையான மன்றம் வேண்டும். அம்மன்றம் இந்தச் சனசமூக நிலையமே. பத்திரிகை வாசிக்கும் கொட்டிலாக மட்டும் இதனை எண்ணுவோர், கையிலிருக்கும் மண்வெட்டியை ஊன்றுகோல் என்று எண்ணுபவராவர்.

சட்டம் தரும் கருவிகள்

மனு எழுதி, மாலை போட்டு, மகஜர் கொடுத்துப் படம் பிடித்துக் கொள்வதே சங்கத்தின் கடமை என்ற எண்ணம் ஒழிய வேண்டும். கெஞ்சுவோன் பெறுவது சலுகை. சட்டம் அறிந்தோன் கேட்பது உரிமை. சட்டத்தொழிலில் இருப்போர் என்ற முறையில் நான்கு கருவிகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். உங்கள் ஒழுங்கைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, யாருக்கு ஒப்பந்தம், எத்தனை அங்குலக் கனம் என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கின்றீர் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் சங்கமே தன் பெயரிற் கேட்கலாம். தனியொருவர் கேட்டால் பகை. சங்கம் கேட்டால் முறை.

இரண்டாவது, பிரதேச சபைச் சட்டமே. உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்க அது சபைக்கு இடமளிக்கின்றது. அக்குழுக்களில் நம் கமக்காரரும் ஆசிரியரும் இடம்பெற வேண்டும் என்று தீர்மானம் அனுப்புங்கள்.

மூன்றாவது, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு. பொதுவழியை மறித்தோ, பொதுச் சுகாதாரத்தைக் கெடுத்தோ ஏற்படும் தொல்லையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை இட அதிலே அதிகாரம் உண்டு. வாய்க்காலை மறித்துவிட்டு, “பத்து ஆண்டு ஆண்டுவிட்டேன், இனி எனக்கே ஆட்சியுரிமை” என்று வாதிடுவோரும் உளர். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் தனியார் காணிகளுக்கிடையே செல்லும். அரசின் உரிமைக்கு எதிராகச் செல்லாது. அரச காணியில் ஓடும் வாய்க்காலை எத்தனை ஆண்டு மறித்தாலும் மறித்தது மறித்ததே.

நான்காவது கருவியை முதலிற் கையிலெடுங்கள். அது 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இணக்க சபை. வேலித் தகராறு, வழித் தகராறு, வெள்ளம் பாயும் தகராறு ஆகியவற்றைச் செலவின்றிப் பேசித் தீர்க்கும் இடம் அது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. நம் தொழிலுக்கு நட்டம்தான். ஆனால் ஒரு முழ வேலிக்காக வழக்காடி நான்கு பரப்பை விற்ற குடும்பங்களை நாம் நன்கறிவோம். அயலவர் மீது வழக்கு என்பது எல்லா வாசலையும் தட்டிப் பார்த்த பின்னரே எடுக்கவேண்டிய படி.

மூன்று ஏடுகள்

கருவி இருந்தாலும் சான்று இல்லையேல் பயனில்லை. எனவே, சங்கம் மூன்று ஏடுகளைத் திறக்க வேண்டும்.

ஒன்று, வழி ஏடு. ஊரின் ஒவ்வோர் ஒழுங்கையும், ஒவ்வொரு வாய்க்காலும், நீளம் அகலத்துடன் அதிற் பதியப்பட வேண்டும். சபைக்குரியது எது, தனியாருக்குரியது எது என்பதும் குறிக்கப்பட வேண்டும். இடப்பெயர்வுகளில் எத்தனையோ உறுதிகளும் பதிவுகளும் அழிந்தன. பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் இருக்கும்போதே அவர்களை அழைத்துச் சென்று நடந்து பார்த்து எழுதுங்கள்.

இரண்டு, கிணற்று ஏடு. மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, தெரிந்தெடுத்த கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். நீரைப் பரிசோதிப்பித்து முடிவையும் எழுதுங்கள். ஐந்தாண்டு எழுதிய ஏட்டை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மூன்று, பண ஏடு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள நம் உறவுகள் ஊருக்கென அனுப்பும் பணம் அவர்களின் இரவு வேலையின் வியர்வை. அப்பணத்தில் ஊர் வாயிலில் வளைவு எழுகின்றது. வளைவின் கீழே வெள்ளம் நிற்கின்றது! வந்த ஒவ்வொரு சதமும் சென்ற ஒவ்வொரு சதமும் மாதந்தோறும் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படட்டும். கணக்குக் காட்டும் சங்கத்துக்குப் பணம் குறையாது.

யாருடைய சங்கம்?

இனி, சிலருக்குக் கசக்கும் சொல் ஒன்று. கோயில் வீதியில் ஒட்டிய கூட்ட அறிவித்தல் குளத்துக்கு அப்பாலுள்ள குடியிருப்பிலும் ஒட்டப்பட்டதா? வாய்க்காலின் கடைவாய் அங்கேதான் இருக்கின்றது. மறிக்கப்பட்ட வெள்ளம் முதலில் நிற்பதும் அவர்களின் முற்றத்திலேயே. அவர்களில் ஒருவரேனும் நிருவாகத்தில் உளரா? 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதியின் பேராற் பொதுவிடங்களில் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிற்று. பொதுக்கிணற்றில் அள்ளவிடாமல் தடுப்பதற்குச் சட்டம் உண்டு. கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவதற்கோ மனச்சாட்சி ஒன்றே சட்டம். கொழும்பு எம்மைக் கேளாமல் எமக்காக முடிவெடுக்கின்றது என்று முறையிடுகின்றோமே. அதே முறைப்பாட்டை நம் ஊரின் ஒரு பகுதியார் நம்மீது சொல்ல இடம் வைக்கலாமா?

பெண்கள் விடயமும் அவ்வாறே. கிணற்றில் நீர் இறங்குவதை முதலில் அறிபவர் யார்? ஒழுங்கை இருட்டில் அஞ்சி நடப்பவர் யார்? அவர்கள் அடுப்படியில் நிற்கும் வேளையிற் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறை கூறுவது நேர்மையன்று. வாடகைக்கு இருப்போரும் இடம்பெயர்ந்து வந்து குடியேறியோரும் இங்கேயே நீர் குடிக்கின்றனர், அவர்களும் ஊரவரே.

இன்றே செய்க

ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கின்றது. இக்கூட்டம் கலையுமுன் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுங்கள். குளத்துக்கு அப்பாலிருந்து இருவரும் பெண்கள் மூவரும் அடங்கிய வாய்க்கால் குழுவொன்றை இன்றே தெரிவு செய்யுங்கள். ஒரு மாதத்துள் வழி ஏட்டை எழுதி முடித்து, ஒரு பிரதியைப் பிரதேச சபைத் தவிசாளருக்கும் மற்றொன்றைக் கிராம அலுவலருக்கும் கையளியுங்கள். ஆவணி முடியுமுன் மதில் மறித்த இடங்களின் உரிமையாளருடன் இருந்து பேசுங்கள். இணங்காதோரை இணக்க சபைக்கு அழையுங்கள். இணங்கியோரின் மதிலில் வெள்ளவாய் திறக்கச் சிரமதானத்தில் நாமே கைகொடுப்போம். மண்வெட்டி பிடிக்க நாமும் வருகின்றோம்.

மழை வரும்போது வெள்ளம் குளத்தைச் சேருமாயின், இந்த ஊர் தன்னைத் தானே ஆளத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சான்றுடன் நாம் எந்த மேடையிலும் தலைநிமிர்ந்து உரிமை கேட்கலாம்.