கடைசியாகப் பார்த்த நாள்



நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையின் இரைச்சலை விட்டுத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் செம்பரம்பாக்கம் ஏரி. பங்குனி மாதத்துக் காலை நேரம். தண்ணீரில் பரவி மேய்ந்துகொண்டிருக்கும் நாமக்கோழிகள் திடீரென்று நெருங்கி, ஒரே கருந்திட்டாகச் சேர்ந்துகொள்ளும். உடனே கோரைப் பக்கம் பாருங்கள். இறக்கைகளைச் சற்றே மேல்தூக்கியபடி, புல்லை உரசுவதுபோலத் தாழ்வாக ஒரு பருந்து வரும். அதுதான் சேற்றுப் பூனைப்பருந்து. பெட்டைக்கு உடல் கரும்பழுப்பு, தலை வெண்ணெய் நிறம். ஊருக்கு மேலே வட்டமிடும் கள்ளப்பருந்துக்கு வால்நுனி பிளந்திருக்கும். இதற்கு அப்படி இருக்காது.

கள்ளப்பருந்து ஆண்டு முழுவதும் நம்மோடு இருப்பது. பூனைப்பருந்து மத்திய ஆசியா, சைபீரியாப் பக்கமிருந்து மழைக்காலத்தை ஒட்டி வருவது. பங்குனி, சித்திரையில் குஞ்சு பொரிக்க வடக்கே திரும்பிவிடும்.

இப்படி வடக்கே திரும்பும் பறவைகளை எண்ணிவிட முடிகிற இடங்களும் உண்டு. இஸ்ரேலின் ஏலாத் நகரத்தருகே வசந்த காலத்தில் பருந்துகளும் கழுகுகளும் லட்சக்கணக்கில் கடந்து போகின்றன. அகன்ற இறக்கைப் பறவைகள் வெயிலில் சூடேறி எழும் காற்றில் ஏறி மிதந்து போகிறவை. கடலின் மேல் அந்தக் காற்று சரியாகக் கிடைக்காது. அதனால் கடலைச் சுற்றிக்கொண்டு குறுகிய நிலவழியில் நெரிசலாகக் குவிகின்றன. கீழே நின்று எண்ணிவிடலாம். பூனைப்பருந்துக்கு நீண்ட இறக்கை. அடித்துப் பறக்கவும் தெரியும். அதனால் ஒரே தடத்தில் போகாமல், ஒன்றிரண்டாகச் சிதறி, சொல்லாமல் கிளம்பிவிடுகிறது.

ஆகவே நமக்கு வேறு கணக்கு. இங்கே குறித்துவைக்க வேண்டியது, பருந்து கடைசியாகத் தென்படும் தேதி. ஏரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எத்தனை பருந்து என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லாத நாளில் மறக்காமல் பூஜ்யம் போடுங்கள். அந்தப் பூஜ்யம் இல்லாமல், கடைசியாகப் பார்த்த நாள் எதுவென்று சொல்லவே முடியாது.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ராஜஸ்தானின் பரத்பூரில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1980களில் பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களில் திரும்ப எண்ணியபோதுதான் அவை மடிந்துகொண்டிருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாடுகளைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது பின்னர் தெரியவந்தது. 2006இல் அதைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா தடை விதித்தது. பழைய நோட்டுப் புத்தகம் இல்லையென்றால் எதோடு ஒப்பிட்டிருப்பார்?

நம் செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றத்தில், உச்சிவேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் பிரசாதம் உண்ண வந்துகொண்டிருந்தன. இரண்டு என்ற கணக்கு ஊருக்கே மனப்பாடம். அதனால்தான் அவை வராமல் போனதை ஊரே கவனித்தது. ஏரிக்கரைப் பருந்துக்கு அப்படிக் கணக்கு வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

சித்திரையில் ஒருநாள் போவீர்கள். நாமக்கோழிகள் ஏரி முழுக்கப் பரவி மேய்ந்துகொண்டிருக்கும். வெகுநேரம் நின்றாலும் அவை ஒன்றுசேராது. தேதியைப் போட்டு, பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதுங்கள்.