சிறுநீரகம் அனுப்பும் சேதி

நம் எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. எத்தனை வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்வது யார் தெரியுமா? சிறுநீரகம்!

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. அது மஜ்ஜையில் உள்ள இளம் செல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போகாது, வாசலோடு சரி. ஆனால் வாசலுக்கு உட்புறம் ஜாக்-2 என்ற நொதி தூங்கிக்கொண்டிருக்கிறது. அது விழித்து, பக்கத்துப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும். சேதி கைமாறி மரபணு வரை போகும். செல் பிழைத்துப் பெருகும். சேதி வராத செல் மடிந்துவிடும்.

இந்தக் காரணியைப் பிரித்தெடுக்கப் பட்ட பாடு சாதாரணமல்ல. ஜப்பானில் ரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, உலர்த்தி, ஒரு துணி மூட்டையாக 1975இல் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார் மியாகே என்ற ஆய்வாளர். அங்கே கோல்ட்வாசர் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகத்தில் 1977இல் தூய எரித்ரோபொயட்டின் கிடைத்தது, சில மில்லிகிராம்தான்! எத்தனை பேரின் பொறுமை அது.

செல்லின் வாசலில் தூங்கும் அந்த ஜாக்-2 நொதியில் ஒரே ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் மாறினாலும் வினைதான். சேதி வராமலே அது விழித்திருக்கும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகும். 2005இல்தான் இது தெரியவந்தது.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் சோகை வருவது, சேதி அனுப்ப ஆளில்லாததால். இன்று டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அந்தச் சேதி ஊசி வழியாகப் போகிறது.