சின்னப் பூனை சீக்குப் பூனையா?



ஒரு தெரு. அந்தத் தெருவில் இரண்டு வீடுகளில் பூனை வளர்க்கிறார்கள். இரண்டும் மிகச் சின்னப் பூனைகள். ஒன்றை ஊரே கேலி செய்தது. இன்னொன்றை ஊரே கொஞ்சியது. கேலிக்கு ஆளான பூனைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் கொஞ்சிய பூனைதான் சாகக் கிடந்தது.

முதல் பூனை ஒரு பாட்டியின் பூனை. பெயர் குள்ளி. அதற்கு வயது இரண்டு. ஆனால் பார்த்தவர்கள் ஐந்து மாதக் குட்டி என்றே நினைப்பார்கள். "பாட்டி, உங்கள் பூனைக்குச் சோறே போடுவதில்லையா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பாட்டிக்கு மனசு வலிக்கும்.

இரண்டாவது பூனை எதிர்வீட்டுப் பெண்ணின் குட்டி. அந்தப் பெண் மாலையில் எழுத்தறிவு மையத்துக்குப் போய்ப் படிப்பவள். குட்டியின் பெயர் பொம்மி. வயது மூன்று மாதம். கைக்குள் அடங்கும். வயிறு மட்டும் பலூன் மாதிரி இருக்கும். ஓடாது, குதிக்காது. மடியில் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். "எவ்வளவு சாது! பொம்மையேதான்!" என்று எல்லோரும் கொஞ்சினார்கள்.

பூனைக்குட்டி சாதுவாக இருக்கலாமா? நன்றாக யோசித்துப் பாருங்கள். மூன்று மாதக் குட்டி என்றால் கயிற்றைக் கண்டால் பாய வேண்டும். திரைச்சீலையில் ஏற வேண்டும். வீட்டைத் தலைகீழாக்க வேண்டும். அசையாமல் கிடக்கிற குட்டிக்கு உடம்பு சரியில்லை.

ஒருநாள் பாட்டி பொம்மியைத் தூக்கிப் பார்த்தார். "இது சவலைடி" என்றார்.

சவலை என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். தாய்ப்பாலை முன்கூட்டியே மறந்த பிள்ளை தேறாமல் போகும். அதைத்தான் சவலை என்கிறோம். பாட்டி சொன்னது சரி. பொம்மியை நான்கு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து எடுத்து வந்துவிட்டார்கள். பூனைக்குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். பாலுக்காக மட்டும் இல்லை. சாப்பிடவும், சுத்தமாக இருக்கவும், கடிக்காமல் விளையாடவும் அது தாயிடம்தான் கற்றுக்கொள்கிறது.

"நாளைக்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம். குள்ளியையும் கொண்டு வருகிறேன்" என்றார் பாட்டி.

"பூனையை யாராவது மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்களா, பாட்டி? சிரிப்பார்கள்" என்றாள் அந்தப் பெண்.

பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. அரசு கால்நடை மருந்தகத்தில் மாடு, ஆடு, கோழி மட்டும் பார்ப்பதில்லை. நாயும் பூனையும் பார்ப்பார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டு பூனைகளையும் இரண்டு மூடிய கூடைகளில் வைத்து எடுத்துப் போனார்கள். அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. அவர் முதலில் ஊசியை எடுக்கவில்லை. தராசை எடுத்தார்.

பூனை தராசில் உட்காருமா? உட்காராது. அதற்கு ஒரு வழி உண்டு. பூனையைக் கூடையோடு நிறுத்தார். பிறகு வெறும் கூடையை நிறுத்தார். குள்ளியும் கூடையும் 2 கிலோ 800 கிராம். கூடை மட்டும் 700 கிராம். கழித்தால் 2 கிலோ 100 கிராம். அதுதான் குள்ளியின் எடை. இதே கணக்கை மளிகைக் கடைத் தராசிலும் போடலாம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

நம் நாட்டு வீட்டுப் பூனை வளர்ந்தபின் பெரும்பாலும் 3 முதல் 4 கிலோ இருக்கும். பெண் பூனை கொஞ்சம் குறைவாக இருக்கும். குள்ளி அதிலும் குறைவுதான். ஆனால் டாக்டரம்மா அதோடு விடவில்லை. குள்ளியின் வாயைத் திறந்து பார்த்தார். பற்கள் எல்லாம் பெரிய பற்கள். பூனைக்கு மூன்று வாரத்தில் பால் பல் முளைக்கத் தொடங்கும். மூன்றரை, நான்கு மாதத்தில் அது விழ ஆரம்பிக்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பல் முளைத்துவிடும். வயதுக்கு ஏற்ற பல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. ஒரு வயது ஆகியும் பால் பல் விழவில்லை என்றால் உடம்புக்குள் ஏதோ கோளாறு இருக்கலாம்.

ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. கண்ணில் பீளை இல்லை. ரோமம் பளபளப்பாகப் படிந்து இருந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டார். சத்தம் ஒழுங்காக இருந்தது.

"பாட்டி, இது எப்போது முதல் குட்டி போட்டது?"

"எட்டு மாதத்திலேயே மூன்று குட்டி போட்டதம்மா. இதன் தாயும் சின்னப் பூனைதான்."

டாக்டரம்மா சிரித்தார். "பிறகு எப்படிப் பாட்டி பெரிதாகும்? தாய் வழியிலும் சின்ன உடம்பு. வளர்கிற வயதில் பிள்ளைப்பேறு வேறு. தின்றது எல்லாம் குட்டிகளுக்கே போய்விட்டது. இனி இது வளராது. ஆனால் இதற்கு நோய் எதுவும் இல்லை."

பெண் பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே சினையாகக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். அதாவது, குட்டியே குட்டி போடும். இதைத் தடுக்கக் கருத்தடை அறுவை சிகிச்சை இருக்கிறது. குள்ளிக்கும் அதைச் செய்துவிடலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். பாட்டி கொஞ்சம் தயங்கினார். பிறகு சரி என்றார்.

அடுத்தது பொம்மி. நிறுத்தார்கள். 550 கிராம்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. பூனைக்குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும். அதன் பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் ஏற வேண்டும். இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 900 கிராம். மூன்று மாதத்தில் 1 கிலோ 200 கிராமுக்குக் குறையக் கூடாது. பொம்மி அதில் பாதிகூட இல்லை. பொம்மியோடு பிறந்த இன்னொரு குட்டி தாயிடமே வளர்கிறது. அது பொம்மியைப் போல் இரண்டு மடங்கு இருக்கிறது என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளை வெளேர் என்று இருந்தது. ரோமத்தைப் பிரித்துப் பார்த்தார். மிளகுத் தூள் தூவியது போல் கருப்புப் பொடி. அதில் கொஞ்சம் எடுத்து ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தார். துணி சிவப்பானது. அது மண் இல்லை. தெள்ளுப்பூச்சியின் எச்சம். பொம்மியின் ரத்தத்தைக் குடித்துவிட்டுத் தெள்ளுப்பூச்சி போட்ட கழிவு. சின்னக் குட்டிக்கு உடம்பில் ரத்தமே கொஞ்சம்தான். தெள்ளுப்பூச்சி அதிகமானால் குட்டி செத்தே போகும்.

"வயிறு ஏன் இப்படி இருக்கிறது தெரியுமா? இது சோற்று வயிறு இல்லை. பூச்சி வயிறு" என்றார் டாக்டரம்மா. சேமியா போல் நீளமான குடல் புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். தின்பதில் ஒரு பங்கைப் புழு தின்னும். குட்டி மெலியும், வயிறு மட்டும் உப்பும். மலத்தில் அரிசி போல் ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. இந்தப் புழுக்களில் சில, பிள்ளைகளின் வயிற்றுக்கும் வரும். பூனை மலம் கழிக்கும் மண்ணில் பிள்ளைகளை விளையாட விடக் கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் பூனை மலத்தைக் கையால் அள்ளக் கூடாது.

"என்ன சாப்பாடு கொடுக்கிறாய்?"

"பசும்பாலும் தயிர்ச்சோறும், டாக்டரம்மா. குறை வைக்கவில்லை."

பாவம், அவள் குறை வைக்கவில்லைதான். தனக்கு வாங்கிய பாலைக் குட்டிக்கு ஊற்றினாள். ஆனால் பூனை பால் குடித்து வளரும் பிராணி என்று நாம் நினைப்பது தவறு. பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காது, பேதியாகும். பூனை புலியின் சாதி. அதற்குக் கறி, மீன் வேண்டும். டாரின் என்று ஒரு சத்து உண்டு. அது முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண் மங்கும், இதயம் பலவீனமாகும், குட்டி வளராது. சைவ வீட்டுப் பூனைகள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்பீர்கள். எலியும் பல்லியும் பிடித்துத்தான். வீட்டுக்காரர் கண்ணில் படாமல் அவை தம் சாப்பாட்டைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. கட்டிப்போட்டு வளர்த்தால் அதுவும் இல்லை.

விலை குறைந்த மீனை வேகவைத்து, முள் எடுத்து, கொஞ்சம் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். கோழிக் கறியின் கழித்த துண்டுகளும் போதும். வளரும் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

டாக்டரம்மா பொம்மியின் எடைக்குத் தகுந்தபடி பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார். தெள்ளுப்பூச்சியைப் பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் போடச் சொன்னார். மண்ணெண்ணெய் தடவக் கூடாது. நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது. அதில் சில பூனைக்கு விஷம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையும் அப்படித்தான். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

"எல்லாம் செய்தும் வளராவிட்டால்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அப்படியும் சில குட்டிகள் உண்டு. சில, பிறவியிலேயே கழுத்துச் சுரப்பி சரியாக வேலை செய்யாமல் பிறக்கும். அதற்குத் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் இருக்கும். மலச்சிக்கல் இருக்கும். மாத்திரை கொடுத்தால் தேறும். சிலவற்றுக்கு ஈரலுக்குப் போக வேண்டிய ரத்தம் ஈரலைத் தொடாமல் வேறு வழியில் போய்விடும். அப்படிப்பட்ட குட்டி எச்சில் வடிக்கும், சாப்பிட்ட பிறகு மயங்கினாற்போல் நிற்கும். சிலவற்றுக்கு இதயத்தில் குறை. விளையாடினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இவற்றை எல்லாம் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. ரத்தப் பரிசோதனையும் படமும் எடுக்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பூனையை உலகிலேயே சின்னப் பூனை என்று கின்னஸ் புத்தகத்தில் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு வயது. எடை சுமார் 1 கிலோ 300 கிராம். பிறவிக் குறையால் வளராத பூனை அது. பெரிய நகரங்களில் 'டீ கப் பூனை' என்று சொல்லி அதிக விலைக்கு விற்கிறார்கள். அப்படி ஒரு சாதியே தனியாகக் கிடையாது. வயசு ஆகாத குட்டியையோ, சத்தில்லாத குட்டியையோ கப்பில் உட்கார வைத்துக் காசு பார்க்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்ல வேண்டும். கரும்பு வெட்டும்போதோ, காட்டோரமாகவோ கிடைக்கிற சின்னப் பூனைக்குட்டி, வீட்டுப் பூனையாகவே இல்லாமல் இருக்கலாம். நம் நாட்டில் துருப்புள்ளிப் பூனை என்று ஒரு காட்டுப் பூனை உண்டு. உடம்பில் துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள் இருக்கும். நெற்றியில் கோடுகள் இருக்கும். முழுதும் வளர்ந்தாலும் ஒன்று, ஒன்றரை கிலோதான். உலகத்துக் காட்டுப் பூனைகளிலேயே மிகச் சின்னது அதுதான். அதை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படிக் குட்டியைக் கண்டால் எடுக்காமல் விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். தாய் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும், இருட்டியதும் வந்து எடுத்துப் போகும்.

பொம்மியின் கதைக்கு வருவோம். அந்தப் பெண் எழுத்தறிவு மைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் மளிகைக் கடைக்குப் போனாள். கூடையோடு எடை, வெறும் கூடையின் எடை, கழித்தது என்று எழுதினாள். முதல் வாரம் 560. பத்தே கிராம். அவள் அன்று சரியாகத் தூங்கவில்லை. பூச்சி விழுந்த பிறகு, இரண்டாம் வாரம் 640. மூன்றாம் வாரம் 750. நான்காம் வாரம் 860. ஐந்தாம் வாரம் பொம்மி கூடையில் உட்காரவே இல்லை. குதித்துப் பருப்பு மூட்டையின் மேல் ஏறிக்கொண்டது. கடைக்காரர்தான் பிடித்துக் கொடுத்தார்.

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். அவர் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார்.

"கூடப் பிறந்த குட்டி அளவுக்கு இது வராது, அம்மா. வளர வேண்டிய நாள் கொஞ்சம் போய்விட்டது. குள்ளியைப் போல் சின்னதாகத்தான் இருக்கும்."

"இருக்கட்டும், டாக்டரம்மா. உயிரோடு இருந்தால் போதும்."

அன்றே பொம்மிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். மூன்று மாதம் முடிந்தால் இந்த ஊசி போடலாம். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வெறிநோய் வரக்கூடும். உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஊசிக்கு வர வேண்டிய நாளை டாக்டரம்மா சொன்னார். அந்தப் பெண் அதை நோட்டில் தானே எழுதிக்கொண்டாள்.