எல்லை கடக்கும் தகவலுக்குச் சட்டத்தின் காவல் வேண்டும்
(கல்முனையில் ஆற்றிய உரை)



2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், இந்தியப் புலனாய்வுத் துறை இலங்கைக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. தற்கொலைத் தாக்குதல் நிகழக்கூடும் என்பதே அதன் சாரம். பெற்றவர்கள் உரியவாறு செயற்படவில்லை. ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடமை தவறிய முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, நாடுகள் தமக்குள் தகவல் பரிமாறுவதை நாம் எதிர்க்கவில்லை. உயிர் காக்கும் தகவல் வரட்டும், வந்தால் மதிக்கப்படட்டும்.

ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் அந்நியர் தங்கியிருப்பதை அறிந்து தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. அன்றிரவு 6 பிள்ளைகள் உட்பட 15 உயிர்கள் அவ்வீட்டில் போயின. நாட்டின் பாதுகாப்புக்கு நம் மக்கள் பின்னின்றவர்கள் அல்லர். ஆயினும் அதன்பின் முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கைதாயினர். பலர் குற்றப்பத்திரமின்றியே விடுவிக்கப்பட்டனர். ஆள் விடுதலையானான், கோப்பிலுள்ள அவன் பெயர் விடுதலையாயிற்றா? அக்கோப்பின் பிரதி எந்தெந்த நாட்டுக்குச் சென்றது? இதுவே நம் கேள்வி.

கோப்பில் பிழை நேர்வதுண்டு. 2019 ஏப்ரல் 25இல் பொலிசார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள், அமெரிக்காவில் வாழ்ந்த குற்றமற்ற ஓர் இளம்பெண்ணின் படமும் இருந்தது. அது உலகெங்கும் பரவிய பின்னரே திருத்தம் வந்தது.

மாஹர் அரார் என்னும் கனடியப் பொறியியலாளரின் கதை இதனினும் கொடிது. கனடியப் பொலிசார் கொடுத்த பிழையான தகவலை நம்பி, 2002இல் அமெரிக்கா அவரை நியூயோர்க்கில் பிடித்துச் சிரியாவுக்கு அனுப்பியது. ஏறத்தாழ ஓராண்டு சிறையும் சித்திரவதையும் அனுபவித்தார். அவர்மீது குற்றமேதும் காணப்படவில்லையென 2006இல் கனடாவின் விசாரணை ஆணைக்குழு கூறிற்று. 2007இல் கனடா மன்னிப்புக் கேட்டு 1 கோடியே 5 இலட்சம் டொலர் கொடுத்தது. அப்போதும் அமெரிக்கா தன் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கவில்லை!

உழவர்களே, இதை நீங்கள் எளிதில் விளங்கிக்கொள்வீர்கள். மேல் வாய்க்காலில் விழுந்த நஞ்சு மதகு கடந்து வயல்தோறும் பாய்ந்துவிடும். பின்னர் மேல் வாய்க்காலை மட்டும் துப்புரவாக்கி என்ன பயன்? எந்தெந்த வயலுக்கு நீர் சென்றதென வட்டை விதானையார் அறிந்திருக்க வேண்டாமா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பிழையைத் திருத்தக் கோரும் உரிமையைக் குடிமகனுக்கு வழங்குகிறது. தேசிய பாதுகாப்பின் பெயரால் விலக்களிப்பதாயினும், அது எழுதப்பட்ட சட்டத்தின் வழியே, அவசியமான அளவுக்கே இருத்தல் வேண்டுமென்கிறது. நல்ல வாசகம். ஆனால், தன் தகவல் கடல் கடந்ததையே அறியாதவன் எவ்வாறு திருத்தம் கோருவான்? இடைமறித்துப் பெற்ற செய்திகளை வேற்றரசுக்குக் கொடுப்பதைச் சுதந்திரமான ஓர் அமைப்பு கண்காணிக்க வேண்டுமென ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2021 மே 25இல் தீர்ப்பளித்தமை இதனாலன்றோ?

எனவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று, வேற்றரசுக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு தகவலும், எவருக்கு, எக்காரணத்துக்காக என்பதோடு பதியப்பட வேண்டும். இரண்டு, நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத ஒருவர் அப்பதிவைப் பரிசோதித்துப் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். மூன்று, பிழை கண்டவிடத்து, பிரதி சென்ற நாட்டுக்கெல்லாம் திருத்தமும் செல்ல வேண்டும்.

நம் பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் உழைக்கச் செல்கின்றனர். விமான நிலையத்தில் ஒருவன் மறிக்கப்பட்டால் இங்கே ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. பள்ளிவாசல் நிருவாகிகளும் விவசாய அமைப்புகளும் சட்டத்தரணிகளும் ஒன்றுகூடி இம்மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள். நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கையளியுங்கள். அரசு நம்மைக் கண்காணிக்கும் அதிகாரத்தைக் கேட்கிறது. அவ்வதிகாரத்தைக் கண்காணிக்கும் சட்டத்தை நாம் கேட்போம்!