சமாதானம் பேச முடியாத குற்றம்
எல். இளையபெருமாளின் நாடாளுமன்ற வாழ்க்கை: நினைவுச் சொற்பொழிவு



ஒரு டீக்கடையிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்தில் ஓர் ஊர். சேரிக்காரர்களுக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையம் போனோம். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "ரெண்டு தரப்பும் உட்கார்ந்து சமாதானமாப் போயிடுங்க" என்றார். கூட வந்திருந்த வழக்கறிஞர் தோழர் ஒரே ஒரு வரி சொன்னார்: "சார், இது சமாதானம் பேசற குற்றம் இல்ல. சட்டத்துல அதுக்கு இடமில்ல." அதிகாரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு புகாரை வாங்கிக்கொண்டார்.

அந்த வரி எப்படிச் சட்டத்துக்குள் வந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. சமூகவியலில் முதுகலை படித்தவன் நான். எம்.என். சீனிவாஸின் சமஸ்கிருதமயமாக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வில் தேறினேன். தீண்டாமையை இந்தியா முழுக்கச் சுற்றி ஆராய்ந்த ஒரு குழுவுக்குத் தலைமை வகித்தவர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர் என்று எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

இளையபெருமாள் 1924இல் பிறந்தவர். பள்ளியில் தீண்டப்படாத பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப் பானையை உடைத்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சாவுக்குப் பறையடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது போன்ற கட்டாய ஊழியங்களை எதிர்த்துத் தென்னாற்காட்டில் நின்றவர். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கடலூரிலிருந்து மக்களவைக்குப் போனார். அன்று அது இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் வன்னியர்களின் ஆதரவு பெற்ற தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி வென்றது. தனி இடத்தில் காங்கிரஸ் சார்பில் இவர் வென்றார்.

காங்கிரஸ் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் சுளித்தவன்தான். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் அறிவித்த தனி வாக்காளர் தொகுதியை, அடுத்த மாதமே பூனா ஒப்பந்தம் பறித்தது. அதன் பிறகு நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நாம் அல்ல, ஊர். அண்ணல் அம்பேத்கர் எச்சரித்ததும் இதைத்தான். இளையபெருமாள் வென்ற அதே 1952 தேர்தலில், பம்பாயில் ஒரு காங்கிரஸ் வேட்பாளரிடம் அம்பேத்கர் தோற்றார். இதை மறைத்துவிட்டு இளையபெருமாளைப் புகழ முடியாது. ஆனால் அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் என்ன செய்ய முடிந்தது என்று பார்க்காமல் தள்ளிவிடவும் முடியாது.

1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியபோது அவர் அவையில் இருந்தார். அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் அபராதம். நீதிமன்றம் அனுமதித்தால் இரு தரப்பும் சமாதானமாகப் போகலாம். நிலமும் கூலியும் கடனும் ஒரு தரப்பின் கையில் இருக்கும் ஊரில் சமாதானம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1965இல், பட்டியல் சாதியினர்மீதான தீண்டாமையையும் அவர்களது பொருளாதார, கல்வி நிலையையும் ஆராய மத்திய அரசு குழு அமைத்தது. தலைவர் இளையபெருமாள். தன் அவை நிறைவேற்றிய சட்டம் ஊரில் என்ன ஆனது என்று தானே போய்ப் பார்க்கும் வேலை அவருக்கு வந்தது.

அந்தக் குழு வேலை செய்துகொண்டிருந்த 1968இல்தான் ஆந்திராவின் கஞ்சிகசர்லாவில் கோட்டேசு என்ற தலித் இளைஞர் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர். அடுத்த ஆண்டு, 1969இல், அறிக்கை வந்தது. சொந்தக் கட்சியின் ஆட்சியிடம், உங்கள் சட்டம் வேலை செய்யவில்லை என்று ஆளுங்கட்சிக்காரர் ஒருவரே எழுதிக் கொடுத்த ஆவணம் அது.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றும் அதில் பரிந்துரைத்திருந்தார்கள். டெல்லி அதைத் தொடவில்லை. சென்னையில் தி.மு.க. அரசு தொட்டது. 1970இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது, காரணமாக இந்தக் குழுவின் பரிந்துரையையே எடுத்துக் காட்டினார்கள். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை போனது சரி என்றது. ஆகமத்தைக் கைவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னது. ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்திய தீர்ப்பு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

தீண்டாமைச் சட்டத் திருத்தத்துக்கு 1972இல் மசோதா வந்தது. நிறைவேற 1976 ஆயிற்று, அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில். வரலாறு நமக்கு வசதியான நேரத்தில் எதையும் தருவதில்லை. அந்த நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் சமாதானத்துக்கு வழியில்லை. குறைந்தது ஒரு மாதச் சிறை உண்டு. வேண்டுமென்றே விசாரிக்காமல் விடும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை. ஊர் சேர்ந்து செய்தால் ஊருக்கே கூட்டு அபராதம். 2012 நவம்பர் 7 அன்று இங்கே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தபோது இந்தச் சட்டத்துக்கு வயது 36.

இளையபெருமாள் மூன்று முறை மக்களவையில் இருந்தார். தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவரானார். 1980இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றம் போனார். பிறகு அந்தக் கட்சியை விட்டு வெளியேறி மனித உரிமைக் கட்சி நடத்தினார். 2005இல் மறைந்தார். அந்தக் கட்சி பெரிதாக வளரவில்லை. பதவிகளைவிட அந்த அறிக்கைதான் நீடித்தது என்பது என் கணிப்பு, தோழர்கள் மறுக்கலாம்.

டீக்கடை வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சாட்சிகள் இரண்டு பேர் அந்தக் கடைக்காரரின் உறவினர் நிலத்தில் வேலை செய்தவர்கள். நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னார்கள். வழக்கு விழுந்தது. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அறுவடை நேரம் அது. இப்போது அந்தக் கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப். பெஞ்சில் மட்டும் இன்னும் நம் ஆட்கள் உட்காருவதில்லை.

இளையபெருமாள் குழு அறிக்கையின் சில பக்கங்களை நகலெடுத்து வந்திருக்கிறேன். கிணறு, கோயில், டீக்கடை, முடிதிருத்தகம் என்று ஊர்வாரியாகக் கேட்க ஒரு கேள்வித்தாளும் அதோடு வைத்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. எந்த ஊருக்கு யார் போவது என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்வோம்.