கடலடியில் ஒரு தோட்டக்காரர்

தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் கடல் நெடுந்தொலைவு. கோடை விடுமுறையில் இராமேசுவரம் செல்லும்போதுதான் நம் குழந்தைகளிற் பலர் முதன்முதலாக அலையைக் காண்கின்றனர். அவ்வலைகளின் கீழே, மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளில் வாழும் ஓர் உயிரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம். அதன் பெயர் கடல் முள்ளெலி.

எலிக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை. அது நட்சத்திர மீனுக்கு உறவினம். உருண்டையான சுண்ணாம்பு ஓடு. அதனைச் சுற்றிலும் கரிய முட்கள். விலங்கியலார் 'டயடீமா செட்டோசம்' என வழங்கும் இனத்தில் முட்கள் ஒரு சாணுக்கு மேலும் வளர்வதுண்டு. அவை எளிதில் ஒடிவன. காலில் தைத்தால் தசையிலேயே தங்கிக் கடுக்கும். பகைவனின் நிழல் விழுந்த மாத்திரத்தில் முட்கள் அத்திசை நோக்கித் திரும்பும். ஆயினும் சிறு மீன்கள் பலவற்றுக்கு அம்முட்காடே அடைக்கலம்.

வாய் அடிப்புறத்தில் உள்ளது, பற்கள் ஐந்து. பகலில் பாறை இடுக்கில் ஒதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து பாசியைச் சுரண்டித் தின்னும். பாசி மண்டினால் இளம் பவளம் ஊன்ற இடமிராது. ஆகவே இம்முள்ளுயிர் களை எடுக்கும் தோட்டக்காரர் எனலாம்.

அத்தோட்டக்காரர் இல்லாவிடில் என்னாகும்? 1983-ஆம் ஆண்டு பனாமாக் கரையருகே தொடங்கிய கொள்ளைநோய் ஒன்று, ஏறத்தாழ ஓராண்டில் கரீபியன் கடல் முழுதும் பரவி, இதன் நெருங்கிய இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை மாய்த்தது. பவளப் பாறைகள் பலவும் பாசிக் காடாயின. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் செங்கடலில், நாம் மேலே கூறிய இனமே ஒரு நுண்ணுயிரால் பெருவாரியாக மடிந்தது. மிகுதியும் நன்றன்று, அளவுக்கு மேல் பெருகினால் இவை பாறையையே அரித்துவிடும். குறைவும் கேடு, மிகையும் கேடு; அளவே வாழ்வு.

நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. இத்தலைநகரில் இயற்றப்பெற்ற 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் காப்பு, 2001-இல் பவளத்துக்கும் கிடைத்தது. எனினும் கடல்நீர் வெப்பமுற்றுப் பவளம் வெளுப்பதைச் சட்டத்தால் மட்டும் தடுத்தல் இயலாது. நலிந்த பவளம் மீண்டும் தழைக்க வேண்டுமாயின், பாசியை அகற்றும் உயிர்கள் அங்கே இருத்தல் வேண்டும்.

அடுத்த விடுமுறையில் பவளத் துண்டையோ முள்ளெலியின் ஓட்டையோ நினைவுப் பொருளாகத் தில்லிக்குக் கொணர வேண்டா. கண்டதைக் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்வோம். கடலின் பொருளைக் கடலிலேயே விட்டு வருவோம்.