கோலாவின் மறைந்துபோன பங்காளிகள்



குன்னத்தூர்ப் பக்கம் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர் முதலில் அதன் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். பால்பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று தெரிந்த பிறகுதான் விலைப் பேச்சு. விற்கிறவர் வாயால் சொல்லும் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கோடிக்கணக்கான ஆண்டுப் பழசான பல்லை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறவர்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது கோலாவின் பங்காளிகளை.

கோலாவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறம், புசுபுசுவென்று காது, கிளையைக் கட்டிக்கொண்டு நாளில் பெரும்பொழுது தூக்கம். பார்வைக்குக் கரடிக்குட்டி மாதிரி இருந்தாலும், கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கிற பிராணி. தின்பது யூகலிப்டஸ் தழை. 1843இல் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டார்களே, அந்தத் தைல மரத்தின் இனம்தான். அந்தத் தழையை நம் வெள்ளாடே மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கோலா அதைத் தின்று செரிப்பதற்கு, அதன் குடலில் தழையை ஊற வைத்து நொதிக்க விடுகிற பை ஒன்று சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரே இனம். அடுத்த நெருங்கிய சொந்தம் என்றால் வளை தோண்டி வாழும் வோம்பட்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடமேற்கே ரிவர்ஸ்லீ என்று ஓர் இடம். 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று வெயில் காயும் பூமி. ஒன்றரை, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு அடர்ந்த மழைக்காடு. அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் கிடைத்த நிமியோகோலா, இன்றைய கோலாவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். லிட்டோகோலா என்று இன்னொன்று, அதுவும் சின்ன உருவம். இதன் மண்டையோட்டைப் பற்றி 2009இல் வந்த ஆய்வு சுவையானது. காதுப் பகுதி எலும்பு இப்போதைய கோலாவினுடையதைப் போலவே பெருத்திருக்கிறது. அப்படியானால் இலை மறைத்த காட்டில் ஒன்றையொன்று குரல் கொடுத்துக் கூப்பிட்டிருக்க வேண்டும். முகமும் தாடையும் மட்டும் வேறு மாதிரி. கரடுமுரடான தழையை அரைக்கும் அமைப்பு அப்போது வரவில்லை. உறுமல் முதலில் வந்தது, யூகலிப்டஸ் பிறகுதான் வந்தது.

பல்லுக்கு வருவோம். கோலாவின் கடைவாய்ப் பல்லைத் திருப்பிப் பார்த்தால் மேலே பிறை பிறையாகக் கூர்மேடுகள் தெரியும். ஆட்டின் கடைவாய்ப் பல்லிலும் இதே பிறைகள் உண்டு. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை; தழையை நறுக்கித் தின்ன வேண்டிய தேவை இரண்டு பக்கமும் தனித்தனியே அந்த வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது. புதைபடிவம் தேடுகிறவருக்குப் பல் இவ்வளவு முக்கியமாக இருப்பது இதனால்தான். எலும்பு நொறுங்கிப் போகும், பல் நிற்கும். அது தின்ற தீனியையும் சொல்லிவிடும்.

2023இல் லுமாகோலா என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தெற்கே கிடைத்த சில பற்கள்தான் ஆதாரம், வயது 2.5 கோடி ஆண்டு, எடை இரண்டரைக் கிலோ இருக்கலாம் என்று கணக்கு. மெல்லிய தழையைத் தின்றிருக்கும், கைக்கு எட்டினால் பூச்சியையும் விட்டிருக்காது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ராட்சத கோலாவும் உண்டு. 1968இல் விவரிக்கப்பட்டது, சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு அற்றுப்போனது. எடை 13 கிலோ அளவு என்கிறார்கள். இன்றைக்குத் தென்பகுதியில் இருக்கும் நல்ல ஆண் கோலாவே அந்த எடைக்கு வரும். ராட்சதன் என்பது கொஞ்சம் கூடுதல் விளம்பரம்தான். நிஜமாகவே பெரியது வேண்டுமென்றால் வோம்பட் வழி உறவான முகுபிர்னா இருக்கிறது, குறைந்தது 140 கிலோ. தெற்கு ஆஸ்திரேலியாவில் காய்ந்து கிடந்த ஓர் ஏரிப் படுகையில் 1973இல் தோண்டி எடுத்த எலும்புக்கூட்டுக்குப் பெயர் கிடைத்தது 2020இல்.

இத்தனை பேரும் எங்கே போனார்கள்? ஆஸ்திரேலியக் கண்டம் வடக்கே நகர நகர மழை குறைந்தது, மழைக்காடு சுருங்கியது, வறட்சி தாங்கும் யூகலிப்டஸ் பரவியது. மெல்லிய தழையை நம்பியிருந்தவை போய்விட்டன. மற்றவை தொடாத தழைக்குப் பழகிய கிளை தப்பியது. அதே பழக்கம் இன்று அதன் கழுத்தைப் பிடிக்கிறது: காடு அழிந்தால் மாற்றுத் தீனி கிடையாது. 2022இல் ஆஸ்திரேலிய அரசு கிழக்குக் கரையின் பெரும்பகுதியில் கோலாவை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

நம் நாட்டில் வயிற்றுப்பைப் பிராணிகள் இருந்தனவா? இருந்தன. குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் என்கிற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அங்கே ஏறத்தாழ 5.4 கோடி ஆண்டுப் பழைய படிவங்களில் கிடைத்த நுண்ணிய பற்களை வைத்து, 2005இல் சுனில் பாஜ்பாய் குழுவினர் இரண்டு பிராணிகளுக்குப் பெயர் வைத்தார்கள்: இன்டோடெல்ஃபிஸ், ஜேகேரியா. இந்திய மண்ணில் கிடைத்த முதல் வயிற்றுப்பைப் பிராணிகள் என்று அறிவித்தார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு குழு அதே சுரங்கத்துப் பற்களை ஆராய்ந்தபோது, ஜேகேரியாவை வௌவால் வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பல் பார்க்கிற வேலையில் இது நடக்கிறதுதான்.

இன்டோடெல்ஃபிஸ் கோலாவுக்குத் தூரத்து உறவு, பங்காளி ஆகாது. வயிற்றுப்பைப் பிராணிகள் தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியே ஆஸ்திரேலியா போய்ச் சேருவதற்குள் இந்தியா அந்தத் தென்கண்டக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்துவிட்டது. கோலாவின் கிளை ஆஸ்திரேலியாவிலேயே தழைத்தது. அதனால் வஸ்தானில் இன்னும் எத்தனை மூட்டை மண்ணைச் சலித்தாலும் அந்தக் குடும்பத்துப் பல் அகப்படப் போவதில்லை. வௌவாலும், குதிரைக்குத் தூரத்துச் சொந்தமான கேம்பேதீரியமும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.